அக்காள், சித்தி, அண்ணாச்சி: டோனாவூரில் ஒரு குடும்பம்

போன எபிசோட் கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும், குற்றாலம் சாரல்ல நனைஞ்சுக்கிட்டே ரெக்கார்ட் பண்ணதுல பாதி ஆடியோ அருவிச் சத்தம்தான். இந்த வாரம் தென்காசியில வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கேன். கதவைச் சாத்தியாச்சு.

ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம். அண்ணாச்சி. சென்னையில் இந்த வார்த்தைக்கு மளிகைக் கடைக்காரர் என்று அர்த்தம். எங்க ஊர்ப் பக்கம் அது உறவு. கொஞ்சம் மூத்தவர், மரியாதைக்குரியவர், ஒரு கஷ்டம் என்றால் போய் நிற்கலாம் என்கிற ஆள். 1926-ல் இந்த மலையடிவாரத்துக்கு ஓர் இங்கிலாந்துக்காரர் வந்தார். பெயர் காட்ஃப்ரே வெப்-பெப்ளோ. அடுத்த வருடம் அவருடைய சகோதரர் மரே வந்தார், அவர் டாக்டர். ரெண்டு பேரையும் அங்கிருந்த பையன்கள் துரை என்று கூப்பிடவில்லை, ஐயா என்றும் கூப்பிடவில்லை. அண்ணாச்சி என்றார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் அங்கே சித்தி. தமிழ்ப் பெண்கள் அக்காள். எல்லாருக்கும் மேலே ஒரே ஓர் அம்மா.

அந்த இடம் டோனாவூர். தென்காசியிலிருந்து கடையம், அம்பாசமுத்திரம், களக்காடு என்று மலையை வலது கைப் பக்கமா வச்சுக்கிட்டே தெற்கே போனா வரும். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் நாங்களும் அவங்களும் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான்.

இதை ஏன் இப்போ எடுக்கிறேன்னா, எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. எங்க வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. பாய் விரிச்சு எல்லாரும் உட்காரணும், ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்புறம் அப்பா ஜெபிப்பார். சின்ன வயசில் அது எப்போ முடியும் என்றுதான் இருக்கும். இப்போ யோசிச்சா ஒண்ணு புரியுது. எங்க அப்பா என்னிடம் நேருக்கு நேர் ஒரு நாளும் "உன்னை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொன்னதில்லை. ஆனா கண்ணை மூடிக்கிட்டு ஆண்டவரிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். எனக்கு வேலை கிடைக்காத அந்த எட்டு மாசம், அவர் மனசில் என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சது ஜெபத்தில்தான். பக்தி எங்கே முடியுது, பாசம் எங்கே ஆரம்பிக்குதுன்னு அங்கே பிரிக்கவே முடியாது. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, குடும்பமே இல்லாதவங்களுக்கு என்ன செஞ்சாங்க என்று தேடிப் போனப்போதான் டோனாவூரில் போய் நின்றேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போகணும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் கிறிஸ்தவர் ஆனால் என்ன ஆகும்? சாமி மாறுவது ஒரு விஷயம். உறவு அறுந்து போவது அதைவிடப் பெரிய விஷயம். பங்காளி வீட்டில் சேர்க்கமாட்டார்கள். மாமன் வீட்டில் பெண் தரமாட்டார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. செத்தால் தூக்க நாலு பேர் வேண்டும், அந்த நாலு பேர் யார்? இது வேதாந்தக் கேள்வி இல்லை, ரொம்ப நடைமுறையான கேள்வி. அதனால்தான் இங்கே கிறிஸ்தவ ஊர்கள் என்று தனியாகவே உருவாயின. 1799-ல் உருவான முதலூர், பெயரிலேயே சொல்கிறது, அதுதான் முதல். பாளையங்கோட்டையில் இருந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் 1820-களில் இப்படிப் பல இடங்களில் சபைகளை நிறுத்தினார். விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கித் தர 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றையும் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து டோனா என்கிற ஒரு பிரபு பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் எழுந்த ஊர் டோனாவூர். பிரபுவின் பெயரோடு நம்ம 'ஊர்' ஒட்டிக்கிச்சு.

ஆக, ஏமி கார்மைக்கேல் அங்கே போவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னாடியே, உறவை இழந்தவர்கள் புதுசா உறவு கட்டிய இடம் அது.

ஏமி 1867 டிசம்பர் 16-ஆம் தேதி வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். 1885-ல் அப்பா இறந்தார். வீட்டில் பணக்கஷ்டம். மூத்த பெண்ணுக்கு என்ன ஆகும்னு நம்ம ஊரில் சொல்லவே வேண்டாம், பாதி அம்மா ஆயிடுவா. பெல்ஃபாஸ்டில் மில் வேலைக்குப் போகிற ஏழைப் பெண்களுக்காக ஒரு கூடம் கட்டினார். பிறகு ராபர்ட் வில்சன் என்ற பெரியவர் ஏமியைத் தன் வளர்ப்பு மகளாகவே வீட்டில் வைத்துக்கொண்டார். இன்னொரு வீட்டில் மகளாக இருப்பது எப்படி என்று அவருக்கு அனுபவத்திலேயே தெரியும். நடுவில் ஜப்பானுக்குப் போய், உடம்பு முடியாமல் திரும்பி, 1895-ல் இந்தியா வந்தார். அப்புறம் 1951-ல் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து வருடம், ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை.

ஆரம்பத்தில் அவருக்குக் குழந்தை வளர்க்கிற எண்ணமே கிடையாது. தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படித்தார். பண்ணைவிளையைத் தலைமையிடமாக வைத்து, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போனார். அந்தக் குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் விதவை இருந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. ஏமியைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் நிறைய, பொன்னம்மாள் இல்லாமல் அதில் முக்கால்வாசி நடந்தே இருக்காது.

1901 மார்ச் 6. சில மாதங்கள் டோனாவூரில் இருந்துவிட்டு வாக்கர் குடும்பமும் ஏமியும் அன்றுதான் பண்ணைவிளைக்குத் திரும்பினார்கள். அதே சாயங்காலம், பக்கத்துப் பெருங்குளத்தில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுப் பெண் பிரீனா வீட்டை விட்டு ஓடினாள். ஒரு கிறிஸ்தவப் பெண் அவளைப் பார்த்து, ராத்திரி தன் வீட்டில் படுக்க வைத்து, மறுநாள் காலை ஏமியிடம் கூட்டி வந்தார். பிள்ளை நேராக வந்து மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

இந்தக் காட்சியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தின காட்சிதான் மனசை விட்டுப் போகமாட்டேங்குது. பிரீனா அதற்கு முன்னாலேயே ஒரு தடவை ஓடியிருக்கிறாள். தூத்துக்குடிக்கு, பெற்ற அம்மாவிடம். அம்மா ஒரு விதவை. கோயில் வீட்டுப் பெண்கள் தேடி வந்து, நேர்ந்துவிட்ட பிள்ளையைத் தரமாட்டேன் என்றால் தெய்வக் குற்றம் ஆகும் என்றபோது, கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் கைகளை அந்த அம்மாவே பிரித்துக் கொடுத்துவிட்டார். திரும்பப் போன பிறகு பிரீனாவின் கைகளில் சூடு போட்டார்கள். அந்த அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிட்டுப் போயிடலாம், ஈஸி. ஆனா யோசிச்சுப் பாருங்க: கணவன் இல்லை, பணம் இல்லை, பக்கத்தில் நிற்க ஓர் அண்ணாச்சி இல்லை, வாசலில் தெய்வத்தின் பெயரால் மிரட்டல். அந்த வீட்டுக்கு வேண்டியிருந்ததும் இதே ரெண்டுதான், பயத்தை எடுக்கிற ஒரு நம்பிக்கையும் கூட நிற்கிற ஓர் ஆளும். அந்த அம்மாவைத் தேடி யாரும் போகவில்லை. பிள்ளைக்குக் கிடைத்தது.

சுவாரசியமான விஷயம், ஏமியைப் பற்றிக் கோயில் வீட்டில் சொல்லி வைத்திருந்த பெயரே பிள்ளை பிடிக்கிற அம்மாள் என்பதுதான். பயமுறுத்தச் சொன்ன பேர். பிரீனாவுக்கு அது முகவரி மாதிரி ஆயிடுச்சு.

பிள்ளைகள் வர ஆரம்பித்ததும் சுற்றுப்பயணம் நின்றது. மற்ற மிஷனரிகளில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சுவிசேஷம் சொல்ல வந்தவள் தொட்டில் ஆட்டிக்கொண்டு இருக்கிறாளே என்று பேச்சு. ஏமி இதற்கு ஒரு தமிழ்ப் பழமொழியை எடுத்துக்கொண்டார். பிள்ளை தாயின் காலைக் கட்டிப்போடும் என்பார்களே, அது. கட்டட்டும் என்று விட்டுவிட்டார். இன்னொரு இடத்தில், ஆத்துமா என்பது உடம்போடு நன்றாக ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அதை மட்டும் தனியாகக் கழற்றிச் சொர்க்கத்துக்கு அனுப்ப முடியாது என்கிற அர்த்தத்தில் எழுதினார். குறும்பான ஆள்தான்.

ஆனால் அது வெறும் தத்துவம் இல்லை. தாய்ப்பால் இல்லாத கைக்குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது? டோனாவூரில் அப்போது டாக்டர் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் சமஸ்தானத்து நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஒரு வீடு எடுத்துக் குழந்தைகளோடு தங்கியவர் பொன்னம்மாள். ஒரு தடவை வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பல குழந்தைகள் இறந்தன. அதைத் தாங்கிக்கொண்டு மிச்சக் குழந்தைகளைக் காப்பாற்றியதும் அவர்தான். 1915-ல் புற்றுநோயில் இறந்தார்.

சரி, ஆரம்பத்தில் சொன்ன உறவுப் பெயர்களுக்கு வருவோம். அந்தக் காலத்து அனாதை விடுதிகள் எப்படி இருக்கும்? நீளமான ஹால், வரிசையாகப் பாய், ஒரு மேட்ரன், ஒரு மணி. டோனாவூரில் சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அக்காள். அவரே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய். ஷிஃப்ட் கிடையாது. சம்பளமும் கிடையாது, அக்காளுக்கும் இல்லை, சித்திக்கும் இல்லை. சொந்தத் தங்கச்சிக்குச் சோறு ஊட்ட யாராவது சம்பளம் வாங்குவாங்களா? பொதுவாக நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவதும் இல்லை, தேவையை ஜெபத்தில் சொல்வதோடு சரி. 1904 கடைசியில் ஏமியின் சொந்த அம்மா அயர்லாந்திலிருந்து வந்து ஒரு வருடத்துக்கு மேல் தங்கினார். பிள்ளைகள் அவரையும் விடவில்லை, பாட்டி முறை வைத்துத்தான் கூப்பிட்டார்கள்.

இந்தப் பெயர்களை ஒரு புரோகிராமர் கண்ணோட பார்த்தா ஒரு விஷயம் இடிக்குது. பட்டியலில் அத்தை இல்லை, மாமா இல்லை. அக்காள், அண்ணாச்சி, சித்தி, அம்மா, அவ்வளவுதான். நம்ம உறவுமுறையில் அத்தை, மாமா என்று சொன்ன உடனே அவங்க பிள்ளைகள் முறைப்பெண், முறைப்பையன் ஆயிடுவாங்க. அதாவது கொடுக்கல் வாங்கல், சாதி, சொத்து எல்லாம் அந்தக் கதவு வழியாத்தான் உள்ளே வரும். சித்தி பிள்ளை என்றால் அது உடன்பிறப்பு முறை, கணக்கே கிடையாது. தெரிந்து செய்தார்களா, தானாக அமைந்ததா, நான் சொல்லமாட்டேன். என் ஊகம் என்றே வச்சுக்கோங்க. ஆனா எல்லாச் சாதியிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரே பந்தியில் சாப்பிட்ட ஒரு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உறவுப் பெயர்கள் தமிழில் கிடையாது.

பிறந்தநாள் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் வந்த நாளைக் கொண்டாடினார்கள். டோனாவூருக்குள் எந்தத் தேதியில் வந்தாயோ அது உன் நாள். பூ, பரிசு, ஜெபம், பாட்டு. யாரோ எங்கேயோ பெற்றுப் போட்ட தேதியை விட, உன்னை வேண்டும் என்று எடுத்துக்கொண்ட தேதி முக்கியம் என்கிறது அந்த வழக்கம். மாற்கு சுவிசேஷத்தில் ஓர் இடம் உண்டு. வாசலில் தாயும் சகோதரர்களும் வந்து நிற்கிறார்கள் என்று ஆள் வந்து சொல்லும்போது, இயேசு தன்னைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து இவர்கள்தான் என் தாய், என் சகோதரர் என்பார். டோனாவூர் அந்த வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்ட வீடு.

அந்த வசனத்தில் இன்னொரு பக்கமும் இருக்கு. வாசலில் நிற்கிற அம்மா.

முத்தம்மாள் வழக்கு அதைப் பற்றியதுதான். 1909-ல் டோனாவூருக்கு வந்த சிறுமி. பெற்ற தாய் மகளைத் திரும்பக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அந்தச் சூழலுக்குத் திரும்பினால் பிள்ளை கெட்டுப்போவாள் என்பது ஏமியின் தரப்பு. 1911 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும், செலவுத் தொகையையும் ஏமி கட்ட வேண்டும். ஆனால் ஒப்படைக்கப் பிள்ளை இல்லை. முத்தம்மாள் மாயமாகியிருந்தாள். ஆண்பிள்ளை வேடத்தில் இலங்கைக்குப் போய், அங்கிருந்து சீனாவில் ஒரு மிஷனரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்போது தனக்கு எதுவும் தெரியாது என்றார் ஏமி. பல வருடங்கள் கழித்து முத்தம்மாள் இலங்கையில் அருள்தாசன் என்பவரை மணந்துகொண்டு டோனாவூர்க் குடும்பத்தோடேயே சேர்ந்தார்.

டோனாவூர்க் கதைகளில் இது ஆண்டவர் செய்த அற்புதம். சட்டத்தின் கண்ணில் இது தீர்ப்பை ஏமாற்றிய கடத்தல். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், ரெண்டு நாள் யோசிச்சேன். அந்தப் பெண் பெரியவளாகி, தன் விருப்பத்தில் அங்கேயே வாழ்ந்தார் என்பது பெரிய சாட்சி. அதே சமயம், கோர்ட்டில் ஜெயித்தும் மகளைப் பார்க்க முடியாமல் போன ஓர் அம்மாவை, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், ஜெபத்தில் ஒரு வரியில்கூடச் சேர்க்காமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வரவில்லை. பிள்ளைக்கு வந்த நாள் இருக்குமானால், இன்னொரு வீட்டில் அது போன நாள்.

தேவதாசி முறை பற்றியும் ஒரு வார்த்தை. ஏமியின் எழுத்தில் அது முழுக்க இருட்டு. சிறுமிகளுக்கு நடந்த கொடுமை உண்மை, சந்தேகமே வேண்டாம். அந்தச் சமூகத்தில் பிறந்த தாயின் மகளான முத்துலட்சுமி ரெட்டியே சட்டசபையில் அதற்கெதிராகப் போராடினார், 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினார், 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. ஆனால் டோனாவூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற திருக்குறுங்குடி நம்பி கோயிலில் கைசிக நாடகத்தை ஆடிக் காத்தவர்களும் அந்தப் பெண்கள்தான். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். அவர்களும் யாருக்கோ அம்மா, அக்காள். டோனாவூரின் சுவருக்குள்ளிருந்து பார்த்தால் இது தெரிந்திருக்காது.

1918 ஜனவரியில் முதல் ஆண்குழந்தை வந்தது. நாடகக் குழுக்களில் விற்கப்பட்ட பையன்களைப் பார்த்ததிலிருந்தே ஏமிக்கு அந்த எண்ணம் இருந்தது. பையன்களுக்கு அண்ணாச்சி வேண்டும் என்று காத்திருந்து கிடைத்தவர்கள்தான் நாம் தொடக்கத்தில் பார்த்த வெப்-பெப்ளோ சகோதரர்கள். 1927-ல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது. ஜெப வீடும் அதே காலத்தில் எழுந்தது. பிறகு ஆஸ்பத்திரி, அதற்குப் பரம சுக சாலை என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கவனிங்க, உடம்பா ஆத்துமாவா என்று அங்கேயும் பிரிக்கவில்லை. சுற்று வட்டார ஜனங்கள், எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும், அங்கே வந்தார்கள். நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கிச் சமைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள்.

1931 அக்டோபர் 24. களக்காட்டில் புதிதாக எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போன ஏமி, பொழுது சாய்ந்த நேரத்தில் ஒரு குழியில் கால் வைத்து விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு இருபது வருடம் பெரும்பாலும் படுக்கைதான். வயது அறுபத்து மூன்று. நம்ம வீடுகளில் அந்த நிலைமையில் ஒருவர் என்ன ஆவார் என்று தெரியும், ஒரு மூலைக் கட்டில், ஒரு மாத்திரை டப்பா. அவர் அந்த அறையிலிருந்தே பத்துக்கும் மேல் புத்தகங்கள் எழுதினார். அதைவிட முக்கியம், வீட்டுக்குள்ளேயே சின்னச் சின்னக் கடிதங்கள் எழுதினார். பரீட்சைக்குப் பயப்படுகிற பெண்ணுக்கு, இன்னொரு அக்காளோடு சண்டை போட்டவளுக்கு, குழந்தை இறந்ததால் உடைந்துபோன நர்ஸுக்கு. ஒரே வளாகத்தில் இருப்பவர்களுக்குக் கடிதம். வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்ல எங்க அப்பாவுக்கு ஜெபம் மாதிரி, அவருக்குக் காகிதம்.

தனக்குப் பிறகு குடும்பத்தை நடத்துவார் என்று நம்பி வளர்த்தது அருளாயியை. பண்ணைவிளைக் காலத்திலேயே, வீட்டாரின் எதிர்ப்பைத் தாண்டி வந்த பெண். 1939-ல் அருளாயி இறந்தபோது ஏமி படுக்கையில் இருந்தார்.

ஏமி 1951 ஜனவரி 18 அன்று இறந்தார். தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. கல் வைக்கவில்லை, ஆனால் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் ஒரே ஒரு வார்த்தை, அம்மை. ஊர், தேதி, பட்டம் ஒண்ணும் இல்லை. எங்க ஊர்ப் பக்கம் அம்மாவை இன்னமும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

இந்த எபிசோட் எடிட் பண்ணி முடிச்ச ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் பண்ணேன். டோனாவூர் போயிருக்கீங்களான்னு கேட்டேன். "போயிருக்கேன். உன் ஆச்சி சீக்கா கெடந்தப்போ அந்த ஆஸ்பத்திரியிலதான் பத்து நாள் இருந்தோம். ஒரு அக்கா தெனமும் வந்து கட்டில் பக்கத்துல உக்காந்துட்டுப் போவாங்க. ஒண்ணும் பேசமாட்டாங்க"ன்னார். இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லலைன்னு கேட்டேன். "நீ கேக்கலையே"ன்னார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.